முரானோ கண்ணாடி: நிறம் எப்படி உள்ளே போகிறது, பழசை எப்படி அடையாளம் காண்பது

பழம்பொருள் விற்கும் எந்த இணையதளத்திலாவது 'முரானோ' என்று தேடிப் பாருங்கள். மீன் பொம்மை, சாம்பல் கிண்ணம், கோமாளி பொம்மை, பூச்சாடி, கழுத்து மணி என்று நிறம் நிறமாகப் பளபளக்கும் எல்லாமே வந்து நிற்கும். அதில் செக் நாட்டுச் சரக்கு இருக்கும், சீனாவில் செய்தது இருக்கும், இத்தாலியிலேயே வேறு ஊரில் செய்ததும் இருக்கும். வாங்குபவருக்கும் தெரியாது, பல சமயம் விற்பவருக்கும் தெரியாது.

நிறைய நிறம் இருந்தால் முரானோ, தங்கப் பொடி மினுங்கினால் முரானோ, அடியில் ஸ்டிக்கர் இருந்தால் நிச்சயம் முரானோ என்று மூன்று நம்பிக்கைகள் உலவுகின்றன. மூன்றையுமே நம்பி வாங்க முடியாது. முரானோ என்பது வெனிஸ் நகரத்துக்கு வடக்கே, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில், பாலங்களால் இணைந்த சில குட்டித் தீவுகளின் பெயர். அங்கே செய்த கண்ணாடிதான் முரானோ கண்ணாடி. அந்த ஊர்க்காரர்கள் சூடான கண்ணாடியை எப்படிக் கையாள்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், ஒரு பொருளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

கண்ணாடி எப்படி இளகுகிறது

கண்ணாடிக்கு மூலப்பொருள் மணல். மணலைத் தனியாக உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வரை சூடு வேண்டும். பழங்காலத்து விறகு உலையில் அது நடக்காது. அதனால் சோடா உப்பைச் சேர்த்தார்கள். உருகத் தேவையான சூடு குறைந்தது. ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீர் பட்டால் கரையும். அதைத் தடுக்கச் சுண்ணாம்பு. மணல், சோடா, சுண்ணாம்பு மூன்றும் சேர்ந்ததைச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி என்பார்கள். நம் வீட்டு ஜன்னல் கண்ணாடியும் இந்தக் குடும்பம்தான், முரானோவும் இந்தக் குடும்பம்தான். முரானோவுக்கென்று யாருக்கும் தெரியாத தனிப் பொருள் எதுவும் கிடையாது.

உலோகம் ஒரு குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று உருகிவிடும். கண்ணாடி அப்படி இல்லை. சூடு ஏற ஏற இளகிக்கொண்டே போகும், ஆற ஆற இறுகிக்கொண்டே வரும். நடுவில் ஒரு நீண்ட இழுவைப் பதம் உண்டு. திருவிழாவில் ஜவ்வு மிட்டாய்க்காரரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பதம் நன்றாகப் புரியும். மூங்கில் கழியில் சுற்றிவைத்த மிட்டாயில் ரோஸும் வெள்ளையும் கோடு கோடாக இருக்கும். அவர் ஒரு பிடி பிடித்து இழுப்பார். மிட்டாய் நூலாக மெலியும். அதனுள் கோடுகளும் கூடவே மெலியும். ஆனால் ரோஸ் வெள்ளையோடு கலந்து கலங்கிப்போகாது. அப்படியே முறுக்கி, மடித்து, கையில் கட்டக் கடிகாரமோ தேளோ செய்து கொடுத்துவிடுவார்.

முரானோ கைவினைஞர் செய்வதும் இதைத்தான். வித்தியாசம், அவர் கையில் இருப்பது ஆயிரம் டிகிரியை ஒட்டிய சூட்டில் இருக்கிறது. விரலால் தொட முடியாது. ஊதுகுழல், இடுக்கி, கத்தரி, நனைத்த மரக்கரண்டி, இவைதான் விரல்கள். ஒரு நிமிடம் விட்டால் இறுக ஆரம்பிக்கும், உடனே உலை வாயில் காட்டிச் சூடேற்ற வேண்டும். ஒருவர் தனியாகச் செய்ய முடியாத வேலை. மாயெஸ்த்ரோ எனப்படும் தலைமைக் கைவினைஞர் உட்கார்ந்து வடிவம் கொடுப்பார். உதவியாளர்கள் கண்ணாடி எடுத்து வருவார்கள், ஊதுவார்கள், சூடுகாட்டித் திருப்பித் தருவார்கள்.

சோடா அதிகமுள்ள முரானோ கண்ணாடிக்கு இந்த இழுவைப் பதம் நீண்ட நேரம் நிற்கும். அதனால்தான் அங்கே பெரும்பாலான வித்தைகள் சூட்டிலேயே நடக்கின்றன. பொஹீமியாவின் (இன்றைய செக் நாட்டுப் பகுதி) சோடாவுக்குப் பதில் பொட்டாஷ் சேர்த்த கண்ணாடியும் இங்கிலாந்தின் ஈயம் கலந்த கண்ணாடியும் ஆறிய பிறகு சக்கரத்தில் வெட்டிப் பட்டை தீட்ட ஏற்றவை. வைரம் மாதிரி பட்டை பட்டையாக வெட்டிய கனமான கிண்ணத்தை யாராவது முரானோ என்று சொன்னால், முதல் சந்தேகம் இங்கேயே வந்துவிட வேண்டும்.

நிறம் உலோகங்களிலிருந்து வருகிறது. கோபால்ட் நீலம் தரும், மாங்கனீசு ஊதா தரும், தாமிரம் பச்சை கலந்த நீலம் தரும், மிகச் சிறிதளவு தங்கம் மாணிக்கச் சிவப்பு தரும். இவற்றைக் கண்ணாடி உருகும்போதே கலந்துவிடுகிறார்கள். இரண்டு நிறக் கண்ணாடிகளை ஒட்டினால் இரண்டும் ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் விரிசல் விடும். ஒன்றோடொன்று ஒத்துப்போகும் நிறங்களைத் தயாரிப்பதுதான் முரானோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த அறிவு. செய்து முடித்த பொருளைச் சுமார் 500 டிகிரியில் ஓர் அறையில் வைத்து மெல்ல மெல்லச் சூட்டைக் குறைப்பார்கள். அந்த அறைக்கு ஆற்றுலை என்று பெயர் வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு வெளியே எடுத்தால் மேற்பரப்பு முதலில் சுருங்கும், உள்ளே சூடு இருக்கும், இழுபறியில் பொருள் தானாகவே வெடித்துவிடும்.

இதுவரை பார்த்தது: முரானோவில் நிறம் பெரும்பாலும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறது, மேலே பூசியது இல்லை. (எனாமல் தீட்டிய பொருள்களும் 15-ஆம் நூற்றாண்டு முதல் உண்டு. அது தனிக் கிளை.) வடிவமும் அலங்காரமும் பெரும்பாலும் சூட்டிலேயே உருவாகின்றன.

நான்கு வித்தைகள்

முரானோ நுட்பங்களின் பட்டியல் மிக நீளமானது. ஆரம்பத்துக்கு நான்கு போதும். கடைகளிலும் ஏலங்களிலும் அதிகம் கண்ணில் படுபவை இவைதான்.

முதலாவது சொம்மெர்ஸோ. ஒரு நிறக் கண்ணாடியை வேறொரு நிறத்துக்குள் முக்கி எடுப்பது. ஊதுகுழல் நுனியில் சிவப்பு உருண்டை எடுத்துக்கொண்டு, அதை உருகிய நிறமற்ற கண்ணாடியில் முக்குவார்கள். அப்புறம் மஞ்சளில் முக்குவார்கள். பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகள் தெரியும். தடித்த அடி, நல்ல கனம். உள் அடுக்கின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். நிறம் மேலே தெளித்ததுபோலப் புகைந்து மங்கினால் அது வேறு சரக்கு.

இரண்டாவது ஃபிலிகிரானா. இங்கேதான் ஜவ்வு மிட்டாய் அச்சாகப் பொருந்துகிறது. வெள்ளைக் கண்ணாடியை நிறமற்ற கண்ணாடிக்குள் பொதிந்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிர்த் திசையில் நடப்பார்கள். கண்ணாடி பல மீட்டர் நீளத்துக்கு மெல்லிய குச்சியாக இழுபடும். உள்ளே இருந்த வெள்ளை, நூல்போல ஆகிவிடும். இழுக்கும்போதே முறுக்கினால் நூலும் முறுக்கிக்கொள்ளும். அந்தக் குச்சிகளை வெட்டி வரிசையாக அடுக்கி, சூடாக்கி ஒட்டி, சுருட்டிக் குழாயாக்கி ஊதுவார்கள். இதன் உச்சம் ரெத்திச்செல்லோ என்ற வகை. கோடுகள் வலப்பக்கம் சாய்ந்த ஒரு குமிழ், இடப்பக்கம் சாய்ந்த இன்னொரு குமிழ். ஒன்றை இன்னொன்றுக்குள் வைத்து ஊதுவார்கள். கோடுகள் வலையாகக் குறுக்கிடும். ஒவ்வொரு வலைக்கண்ணிலும் கடுகைவிடச் சிறிய ஒரு காற்றுக்குமிழ் சிக்கிக்கொள்ளும். நல்ல ரெத்திச்செல்லோவை வெளிச்சத்தில் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். எல்லாக் கண்ணிலும் குமிழ் இருக்கும், எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கும். மனிதக் கை இதைச் செய்தது என்பதை எனக்கு ஒவ்வொரு முறையும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

மூன்றாவது முர்ரினே. பல நிறக் கண்ணாடிகளை ஒரு கட்டையாகச் சேர்த்து, அதன் குறுக்குவெட்டில் ஒரு பூவோ நட்சத்திரமோ தெரியும்படி செய்வார்கள். பிறகு அந்தக் கட்டையை இழுப்பார்கள். விரல் அளவுக்கு மெலிந்தாலும், படம் அதே விகிதத்தில் சுருங்கி உள்ளே அப்படியே இருக்கும். வில்லை வில்லையாக வெட்டினால் ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ. அந்த வில்லைகள்தான் முர்ரினே. பூ வில்லைகளை நெருக்கமாக அடுக்கிச் செய்தால் அதற்கு மில்லெஃபியோரி என்று பெயர். இதை முரானோ கண்டுபிடிக்கவில்லை. பழைய ரோமானியர்கள் செய்தது; 19-ஆம் நூற்றாண்டில் வின்சென்ஸோ மொரெத்தி போன்றவர்கள் முயன்று திரும்பக் கொண்டுவந்தார்கள்.

நான்காவது, மினுக்கமும் குமிழும். தங்கத் தாளின் மேல் சூடான கண்ணாடியை உருட்டி எடுத்து ஊதுவார்கள். கண்ணாடி விரியும், தங்கம் விரியாது, எனவே பொடிப்பொடியாகக் கிழிந்து பரவும். அவெஞ்சுரீனா என்பது வேறு. அதில் மினுங்குவது தங்கமில்லை, கண்ணாடிக்குள் உருவான தாமிரப் படிகங்கள். இரண்டையும் தங்கம் என்றே சொல்லி விற்பது சகஜம். வரிசை வரிசையாக ஒழுங்கான குமிழ்கள் இருந்தால் அது புல்லிக்காந்தே: முள் முள்ளாக இருக்கும் அச்சில் கண்ணாடியை அமுக்கிக் குழிகள் உண்டாக்கி, அதன் மேல் இன்னொரு அடுக்கு முக்கினால் ஒவ்வொரு குழியிலும் காற்று அடைபடும்.

ஆக, அடுக்கு, இழை, வில்லை, குமிழ் என்ற நான்கையும் கண்ணால் பிரித்தறியப் பழகினால் போதும். கையில் உள்ள பொருள் எப்படிச் செய்யப்பட்டது என்று பாதி புரிந்துவிடும்.

வரலாறு: தீவுக்குப் போன உலைகள்

1291-ல் வெனிஸ் குடியரசு, நகரத்துக்குள் இருந்த கண்ணாடி உலைகளை முரானோவுக்கு மாற்ற உத்தரவிட்டது. மரக்கட்டிடங்கள் நெருங்கிய நகரம், இரவும் பகலும் எரியும் உலைகள்; தீ பயம். தீவில் எல்லோரும் ஒன்றாக இருந்ததால் தொழில் ரகசியத்தைக் காப்பதும் சுலபமாயிற்று. கைவினைஞர்கள் வெளிநாடு போய்த் தொழில் செய்யத் தடை இருந்தது. அதே நேரம் அவர்களுக்குச் சமூகத்தில் நல்ல மதிப்பும் இருந்தது.

15-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆஞ்செலோ பரோவியர் என்பவர் கிறிஸ்தால்லோ என்ற தெளிந்த, நிறமற்ற கண்ணாடியை உருவாக்கினார். மணலில் இருக்கும் இரும்பு கண்ணாடிக்குப் பச்சை சாயல் கொடுக்கும். அவர் சோடா சாம்பலைச் சுத்திகரித்தார். கொஞ்சம் மாங்கனீசு சேர்த்துப் பச்சையைச் சமன்செய்தார். ஐரோப்பாவின் அரசவைகள் வெனிஸ் கண்ணாடிக்கு ஏங்க ஆரம்பித்தன. 1660-களில் பிரான்ஸ் அமைச்சர் கோல்பேர், முகம் பார்க்கும் கண்ணாடி செய்யும் முரானோ கைவினைஞர்களை ரகசியமாகப் பாரிசுக்கு வரவழைத்தார். தடையெல்லாம் மீறிப் போனவர்கள் நிறையப் பேர். 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்தின் ஈயக் கண்ணாடியும் பொஹீமியாவின் வெட்டுக் கண்ணாடியும் சந்தையைப் பிடித்தன. 1797-ல் நெப்போலியனிடம் வெனிஸ் குடியரசு விழுந்தது. கொஞ்ச காலத்தில் கைவினைஞர் சங்கங்களும் கலைக்கப்பட்டன.

உயிர் திரும்பியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில். 1859-ல் அந்தோனியோ சல்வியாத்தி பட்டறை தொடங்கினார். 1861-ல் பாதிரியார் வின்சென்ஸோ சனெத்தியின் முயற்சியில் முரானோவில் கண்ணாடி அருங்காட்சியகம் உருவானது. மறந்துபோன பழைய வித்தைகளை அங்கிருந்த பொருள்களைப் பார்த்தே மீண்டும் கற்றார்கள். அந்தக் காலத்துச் சரக்கு பெரும்பாலும் மறுமலர்ச்சிக் காலத்தின் நகல். பாம்பும் பூவும் சுற்றிய கோப்பைகள். அழகுதான், ஆனால் திரும்பிப் பார்க்கும் அழகு.

1921-க்குப் பிறகு: சேகரிப்பவர்கள் தேடும் காலம்

நூறு வருடத்துக்கு மேற்பட்டதைத் தொல்பொருள் என்றும், அதற்குக் குறைந்த பழசை வின்டேஜ் என்றும் வணிகர்கள் பொதுவாகச் சொல்வார்கள். இத்தாலியக் கண்ணாடியில் வின்டேஜ் என்றால் பெரும்பாலும் 1920-களிலிருந்து 1970-கள் வரை. 'முரானோ என்றாலே பல நூற்றாண்டுப் பழசு' என்று நினைப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். என்னைக் கேட்டால், இந்த ஐம்பது வருடம்தான் முரானோவின் மிகத் துணிச்சலான காலம்.

1921-ல் மிலானைச் சேர்ந்த வக்கீல் பாவ்லோ வெனினியும், பழம்பொருள் வியாபாரி ஜாக்கோமோ கப்பெல்லினும் சேர்ந்து ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். முன்னே சொன்ன சல்வியாத்தியும் வக்கீல்தான், அவரும் வெளியூர்க்காரர்தான்; வெளியிலிருந்து வந்தவர்களே இருமுறை இந்தத் தீவை உலுக்கினார்கள் என்பது யோசிக்க வைக்கிறது. வெனினி-கப்பெல்லின் நிறுவனத்தின் கலை இயக்குநர் வித்தோரியோ செக்கின், ஓவியர் பாவ்லோ வெரொனேசேயின் ஓவியம் ஒன்றில் இருந்த பூச்சாடியைப் பார்த்து அதே வடிவில் ஒன்றைச் செய்வித்தார். பாம்பு இல்லை, பூ இல்லை. மெல்லிய ஒற்றை நிறக் குமிழ் மட்டும். 'வெரொனேசே' சாடி இன்றுவரை செய்யப்படுகிறது.

1925-ல் வெனினியும் கப்பெல்லினும் பிரிந்தார்கள். வெனினி நிறுவனத்தில் 1930-களிலும் 40-களிலும் கட்டிடக்கலைஞர் கார்லோ ஸ்கார்ப்பா வேலை செய்தார். ஆறிய கண்ணாடியைச் சக்கரத்தில் தேய்த்து, தட்டிய செம்புபோல மேற்பரப்பு கொண்டுவரும் பத்தூத்தோ அவர் காலத்தில் புகழ்பெற்றது. 1940-களின் கடைசியில் ஃபுல்வியோ பியாங்கோனியும் வெனினியும் உருவாக்கிய ஃபாத்ஸொலெத்தோ, நுனியைத் தூக்கிப் பிடித்த கைக்குட்டை மாதிரியான சாடி. உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்டது. செகூசோ வெத்ரி தார்த்தே நிறுவனத்துக்காக ஃப்ளாவியோ போலி வடிவமைத்த சொம்மெர்ஸோ சாடிகள், ஔரெலியானோ தோஸோவுக்காக டீனோ மார்ட்டென்ஸ் செய்த 'ஓரியெந்தே' வரிசை, பரோவியர் & தோஸோவின் எர்கோலே பரோவியர், ஆர்க்கிமெதே செகூசோ, அல்ஃப்ரேதோ பர்பீனி — இந்தப் பெயர்கள் ஏலப் பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். பட்டியலில் வரும் பெயர் பெரும்பாலும் வரைந்தவர் பெயர். ஊதியவர் வேறு. ஸ்கார்ப்பாவின் கற்பனைகளைக் கண்ணாடியில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் 'போபொலி' என்று அழைக்கப்பட்ட மாயெஸ்த்ரோ ஆர்த்தூரோ பியாசூத்தோ. அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு. இது எனக்கு உறுத்துகிறது.

அதே காலத்தில், போருக்குப் பிறகு, சுற்றுலாப் பயணிகளுக்கும் ஏற்றுமதிக்கும் என்று மீன், வாத்து, கோமாளி, கிண்ணம், சாம்பல் கிண்ணம் எல்லாம் மலைமலையாகச் செய்தார்கள். அவையும் உண்மையான முரானோதான். ஆனால் முரானோ என்பதாலேயே விலை மதிப்பு வந்துவிடாது.

சுருக்கமாக: ஊர் ஒரு கேள்வி, பட்டறை இரண்டாவது கேள்வி, வரைந்தவர் மூன்றாவது, செய்த வருடம் நான்காவது. 'முரானோவா' என்ற ஒரு கேள்விக்குள் நான்கையும் அடைக்கும்போதுதான் குழப்பம் வருகிறது.

கையில் எடுத்துப் பார்ப்பது எப்படி

முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். பொருள் ஊதுகுழலிலிருந்து பிரிந்த பிறகு, வாய்ப்பகுதியை வடிவமைக்க அடியில் ஓர் இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடிப்பார்கள். அதை உடைத்தெடுத்த இடத்தில் ஒரு வடு இருக்கும். நல்ல பட்டறைகள் அதைத் தேய்த்து மழுப்பியிருக்கும். வடு இருப்பது கைவேலைக்கு அடையாளம், முரானோவுக்கு அடையாளம் இல்லை. பக்கவாட்டில் மேலிருந்து கீழாக நேர்கோடாக ஒரு பொருத்துத் தழும்பு ஓடினால் அச்சில் செய்தது. பல வருடம் அலமாரியில் இருந்த பொருளின் அடியில், தரையைத் தொடும் விளிம்பில் மட்டும், எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும். ஒரே திசையில் சீராக ஓடும் கீறல், யாரோ உப்புத்தாளில் தேய்த்ததாக இருக்கலாம்.

ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். 'முரானோ, மேட் இன் இத்தாலி' என்ற பொதுவான ஸ்டிக்கரை யாரும் எதிலும் ஒட்டலாம், பழையதிலிருந்து புதியதுக்கும் மாற்றலாம். மறுபக்கம், பல நல்ல பட்டறைகள் காகித லேபிள் மட்டுமே ஒட்டின; கழுவியதும் அது போய்விட்டது. அதனால் குறி எதுவும் இல்லாததால் மட்டும் ஒரு பொருள் போலி ஆகிவிடாது. வெனினி விதிவிலக்கு: ஆசிட் கொண்டு அடியில் பொடி எழுத்தில் முத்திரை பதித்தார்கள், பிற்காலத்தில் செதுக்கி எழுதினார்கள். ஆனால் வெனினி கையெழுத்துக்கும் போலிகள் உண்டு. எனவே முதலில் வேலைப்பாடு, பிறகுதான் முத்திரை.

இன்னொரு பொறி, வடிவமைத்த வருடம். 'ஃபாத்ஸொலெத்தோ, 1949' என்று எழுதியிருந்தால் அந்த வடிவம் அப்போது பிறந்தது என்று மட்டும் அர்த்தம். அதே சாடி போன வருடம் செய்ததாகவும் இருக்கலாம், அதுவும் அசல் வெனினிதான், விலைதான் வேறு. விற்பவரிடம் 'எப்போது வடிவமைத்தது' என்றும் 'எப்போது செய்தது' என்றும் தனித்தனியாகக் கேளுங்கள். புதுச் சரக்கு வாங்குபவர்களுக்கு வெனெத்தோ மாநில அரசு 1994-ல் சட்டமியற்றிக் கொண்டுவந்த 'வெத்ரோ ஆர்த்திஸ்திக்கோ முரானோ' என்ற வணிகக்குறி உதவும். அதற்கு முந்தைய பொருளில் அது இருக்க வாய்ப்பே இல்லை.

இத்தாலியக் கண்ணாடி எல்லாம் முரானோவும் இல்லை. தஸ்கனியில் எம்போலி என்ற ஊர் பச்சைக் கண்ணாடிக்குப் பேர்போனது. நீண்ட கூர்மூடி வைத்த, அச்சில் ஊதிய உயரமான குப்பிகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்துச் சரக்கு. அவற்றை முரானோ என்று விற்பது அறியாமையாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம்.

விலையும் சேதமும்

2023-ல் நடந்த ஒரு விற்பனை இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டுகிறது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில், பழைய பொருள் விற்கும் குட்வில் கடை ஒன்றில் ஒருவர் 3.99 டாலருக்கு ஒரு கண்ணாடிச் சாடி வாங்கினார். அது 1940-களில் ஸ்கார்ப்பா வெனினிக்காக வடிவமைத்த 'பென்னெல்லாத்தே' வரிசையைச் சேர்ந்தது என்று தெரியவந்தது. ஏலத்தில் 1,07,100 டாலருக்குப் போனது. தூரிகையால் தீற்றியதுபோல அதன்மேல் நிறம் சுழன்று ஓடும். ஆனால் அது தூரிகை வேலை இல்லை. ஊதிக்கொண்டிருக்கும்போதே நிறக் கண்ணாடியைச் சேர்த்துச் சுழற்றியது. இப்படி ஒரு சாடி நமக்கும் கிடைக்கும் என்று நம்பி வாங்கிக் குவிக்க வேண்டாம். அந்தக் கடைக்கு அன்று எத்தனையோ பேர் போயிருப்பார்கள். நின்று எடுத்துப் பார்த்தவருக்குத்தான் கிடைத்தது.

அந்தச் சாடியில் சேதம் எதுவும் இல்லை என்பதும் விலைக்கு ஒரு காரணம். கண்ணாடியில் சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலே மதிப்பு பெருமளவு சரியும். வாங்கும் முன் கண்ணை நம்பாமல் விரல் நுனியால் விளிம்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். சில்லு பெயர்ந்த விளிம்பைத் தேய்த்துச் சமன்செய்திருந்தால், அந்த இடம் மட்டும் தட்டையாக இருக்கும். சூட்டில் உருண்ட விளிம்பின் மழமழப்பு இருக்காது. உள்ளே பால்போல வெண்படலம் படிந்திருந்தால், பல காலம் தண்ணீர் தேங்கிக் கண்ணாடியின் சோடாவை அரித்திருக்கலாம். அப்படி அரித்தது கழுவினால் போகாது. வெந்நீரில் கழுவுவதோ பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடுவதோ கூடவே கூடாது; பல அடுக்குள்ள சொம்மெர்ஸோ திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

முதல் பொருளாகப் பெரிய பெயர் எதையும் தேட வேண்டாம் என்பது என் யோசனை. 1950-களின் ஒரு சாதாரண புல்லிக்காந்தே கிண்ணமோ சொம்மெர்ஸோ சாம்பல் கிண்ணமோ போதும். பெயர் தெரியாததால் விலை கையைக் கடிக்காது. ஜன்னலோரம் வைத்து, குமிழ்களின் வரிசையையும் அடுக்குகளின் விளிம்பையும் தினமும் பார்த்துப் பழகுங்கள். அடுத்த பொருளைக் கடையில் எடுக்கும்போது, ஸ்டிக்கரைப் படிக்கும் முன்பே கேள்விகள் உங்களிடம் தயாராக இருக்கும்.